அம்மை கொண்டுபோகாத கண்

என் மனைவியின் இடது கண்ணை அம்மை கொண்டுபோகவில்லை. நான்தான் கொண்டுபோனேன்.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஆவுடையம்மாளா? பாவம், அம்மை போட்டு ஒரு கண்ணு போயிட்டு" என்பார்கள். என் மகள் செல்வியும் அதையேதான் சொல்வாள். அந்தக் கதையைக் கட்டி, ஊரை நம்பவைத்தவன் நான்!

அடித்தது மட்டும்தான் என் குற்றம் என்றால், ஒருவேளை இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். மனைவியை அடித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டிருப்பேன். ஆனால் நான் அடித்த முகத்தை எதிரே உட்காரவைத்து, அதைப் படமாக வரைந்து, 'பெண்களை அடிக்காதீர்கள்' என்று பந்தலில் மாட்டி, பெண்களிடமே கைதட்டல் வாங்கியவனை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அவன்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான்.

அது எண்பதுகளின் தொடக்கம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்தேன். ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகை, லாரியின் பின்னால் மயில், தேர்தல் வந்தால் சுவர் எழுத்து, டூரிங் கொட்டகைக்குப் படம் வந்தால் துணியில் பெரிய பேனர்... எல்லாம் என் கை வேலைதான். கதாநாயகி அழுகிற முகத்தை வரைவதில் எனக்குப் பெயர் உண்டு. கன்னத்தில் ஒரு துளி, அந்தத் துளியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள்.

பேனருக்கான காடாத்துணியை இணைத்துத் தைப்பதும், வச்சிரப் பசை காய்ச்சி அதில் வெள்ளைப் பொடியைக் கரைத்து முதல் பூச்சு பூசுவதும் ஆவுடையின் வேலை. என் படங்களில் முதலில் பட்டது அவள் கைதான். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கண்ணைப் பறித்த அந்த அடிக்கு முன்பும் அவளை அடித்திருக்கிறேன். தூரிகை காய்ந்துபோனதற்கு, எதிர்த்துப் பேசியதற்கு, சில நாள் எதற்கென்றே தெரியாமல். பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவோம். இப்படித்தான் இருந்தது எங்கள் தெரு... இல்லை. தெருவின்மேல் பழியைப் போடுகிறேன், பார்த்தீர்களா? இப்படித்தான் இருந்தேன் நான்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா டீச்சர் என் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. ஊரில் சில பெண்களைச் சேர்த்து மாதர் சங்கம் ஒன்றை நடத்திவந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் பக்கத்து ஊரில் ஒரு புதுப்பெண் தீயில் கருகிச் செத்திருந்தாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். டீச்சர் அந்த வீட்டுக்குப் போனபோது ஸ்டவ் அடுப்பங்கரையில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்ததாம்.

"கூட்டம் போட்டா பொம்பளைகள வீட்டுல விட மாட்டேங்காவ அண்ணாச்சி," என்றார் டீச்சர். "படம் பாக்கன்னா வருவாவ. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் படம் பேசும்லா? தபசுக்கு ஊரே இங்கனதான நிக்கும். ஒரு பந்தலைப் போட்டு மாட்டிருவோம். நீங்க வரைஞ்சு தாங்க."

'போர்டு எழுதிக் கொடு' என்றுதான் என்னை எல்லோரும் கேட்பார்கள். வரைந்து தாருங்கள் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. இரண்டு வாரம் வேறு வேலை எதையும் தொடாமல் வரைந்தேன். சீர் கேட்கும் மாமியார், பெட்டியோடு வாசலில் நிற்கும் மருமகள், அடி வாங்கி அழும் மனைவி...

டீச்சர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடி வாங்கி அழும் மனைவியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. இந்தப் பொம்பளைக்கு வலிக்கவே இல்லையே! பவுடர் போட்டுட்டு அழுத மாதிரில்லா இருக்கு. அடி வாங்குனவ மூஞ்சிய நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்ல டீச்சர்," என்றேன்.

நா கூசாமல் சொன்னேன்!

அன்று மாலை அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆவுடை அதைப் பிரித்துப் பார்த்தாள். டீச்சர் சொன்னதைச் சொல்லிப் பொருமினேன். நாலு எழுத்துப் படித்துவிட்டால் படத்தைப் பற்றிப் பேச வந்துவிடுவதா என்று கத்தினேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர் சொன்னது நெசந்தான. எங்களுக்கு இப்படியா வலிக்கும்?"

எங்களுக்கு என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பக்கத்தில் கிடந்தது, பலகை எழுதும்போது கை நடுங்காமலிருக்க ஊன்றிக்கொள்ளும் மூங்கில் கம்பு. வீசினேன். அவள் முகத்தைத் திருப்புவதற்குள் விழுந்துவிட்டது. செல்வி மூலையில் நின்று வீறிட்டாள். அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை.

மறுநாள் காலையில் ஆவுடை முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இடது கண் முழுக்க மூடி, கன்னத்து எலும்பு வரை வீங்கியிருந்தது. நான் அருகில் போனேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். நம்புங்கள், அதற்காகத்தான் போனேன். ஆனால் குனிந்து பார்த்தபோது என் கண் முதலில் கண்டது காயத்தை அல்ல... நிறத்தை! இமையின்மேல் கத்தரிப்பூ நிறம், அதன் கீழே கறுப்புக்குப் பக்கமான ஒரு சிவப்பு, விளிம்பில் ஈரக் களிமண்ணின் மங்கல். இத்தனை வருடம் முகம் வரைந்தவன் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை.

வாய் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

ஏன் உட்கார்ந்தாள் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பயமா? மறுத்தால் இன்னொரு அடி விழும் என்பதாலா? அல்லது அந்தப் படம் ஒழுங்காக வரவேண்டும் என்று அவளும் நினைத்தாளா? எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

செல்வியைக் கடையநல்லூரில் என் மைத்துனன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியிலேயே வேப்பங்குலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினேன். அம்மை போட்டிருக்கிறது என்றால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருவில் நின்றபடியே அம்மனைக் கும்பிட்டு, இளநீரை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கோமதியம்மன் சந்நிதியிலிருந்து ஒருத்தி புற்றுமண் கொண்டுவந்து தந்தாள், ஆவுடையின் நெற்றியில் பூசச் சொல்லி. அதையும் கைநீட்டி வாங்கிக்கொண்டேன்!

உள்ளே நான் வரைந்துகொண்டிருந்தேன். புதுத் துணி. அதற்கு முதல் பூச்சுப் பூசியதும் அவள்தான், ஒற்றைக் கண்ணோடு.

அடுத்த நாள் அவள் சொன்னாள்: "கண்ணுக்குள்ள புகை மாதிரி தெரியுது. ஒரு பக்கம் திரை போட்டாப்பல இருட்டா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"நாளைக்குப் போவோம்," என்றேன்.

அதற்கு மறுநாளும் கேட்டாள். அன்றும் நாளைக்கு என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அந்தப் பயம் இருந்தது. ஆனால் அது மட்டுமா? உங்களிடம் பொய் சொல்வதானால் நான் இதைத் தொடங்கியே இருக்க வேண்டியதில்லை. வீக்கத்தின் நிறம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. மருந்து போட்டுக் கட்டுக் கட்டிவிட்டால் அந்த முகம் போய்விடும். படம் முடியவில்லை... அதற்காகத்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தேன். இரண்டு காரணத்தில் பெரிய காரணம் அதுதான்.

படம் முடிந்தது. மூக்குத்தியை மாற்றினேன், கூந்தலை மாற்றினேன், வாயை வேறு விதமாக வரைந்தேன். தெருக்காரர்கள் பார்த்தாலும் இன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணும் கன்னமும் அவளுடையவை. ஓரத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

டீச்சர் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

தபசுக் கூட்டம் ரத வீதிகளில் பொங்கி வழிந்தது. பந்தலுக்குள் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மற்றப் படங்களின் முன்னால் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நகர்ந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் நகராமல் நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி துணியைத் தொடக் கை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, இது நம்ம வீடுல்லா?" என்று பின்னாலிருந்த தன் தங்கையிடம் சொன்னாள்.

டீச்சர் ஒலிபெருக்கியில் என்னை அழைத்து, "பொம்பளை வலிய ஒரு ஆம்பளை இப்படிப் புரிஞ்சு வரைஞ்சிருக்காவ" என்றார். துண்டு போர்த்தினார்கள். நானும் பேசினேன். பெண்ணை அடிக்கிறவன் மனிதனே அல்ல என்றேன்! கைதட்டினார்கள். அந்தச் சத்தம் என் வீடு வரை கேட்டிருக்குமோ என்று அப்போது தோன்றியது. கேட்டிருக்கலாம். எங்கள் தெரு ஒன்றும் தூரமில்லை.

"மதினியக் கூட்டிட்டு வரலையா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"அம்மை போட்டிருக்கு டீச்சர்."

"ஐயோ! சொல்லவே இல்லையே."

மறுநாள் பகலில் நான் வீட்டில் இருந்தபோது வாசலில் குரல் கேட்டது. பிலோமினா டீச்சர்! கையில் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"ஒட்டிக்கிடும் டீச்சர், உள்ள வராதிய."

"எனக்குச் சின்னதுலேயே வந்து போயிட்டு அண்ணாச்சி. இனி ஒட்டாது. வழிய விடுங்க."

எப்படித் தடுப்பேன்? கை ஓங்கித் தடுக்க முடியுமா அவரை? அவர் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆவுடை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து, கண்ணைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக ஆகியிருந்தது. உடம்பில் ஓர் அம்மைக் கொப்புளம்கூட இல்லை.

டீச்சர் அவளைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கத்துவார், தெருவைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. பழப்பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவும் இல்லை.

"வெளியே போங்க," என்றார்.

என் வீட்டிலிருந்து நான் வெளியே போனேன். வாசலில் நின்று கேட்டேன்.

"கண்ணு தெரியுதா மதினி?"

"இல்ல டீச்சர்."

"எத்தனை நாளா?"

"படம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

அன்றே டீச்சர் அவளைத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் அழைத்துப்போனார். நானும் பின் இருக்கையில் உட்கார்ந்து போனேன். மருத்துவர் வெகுநேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் திரை கிழிந்து விலகிவிட்டது, பார்வை இனித் திரும்பாது, அடிபட்டவுடனே வந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம் என்றார். "ஏம்மா இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார்.

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்க்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் டீச்சர் நேரே பந்தலுக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். "இதைக் கொளுத்தணும்," என்றார். "இந்த ஆளை ஸ்டேஷன்ல கொண்டுபோய் நிறுத்தணும்!" கூட்டம் கலைந்துபோயிருந்தது. நாங்கள் மூவர் மட்டும் நின்றோம்.

ஆவுடை அப்போதுதான் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தாள். அதன் முன்னால் போய் நின்று, ஒரு கண்ணால், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"கொளுத்த வேண்டாம் டீச்சர். பொம்பளைக நின்னு பாத்தாவன்னியளே."

"பாத்தாவதான். அதுக்காக?"

"இது என் மூஞ்சி. எங்க போகணும், போகக்கூடாதுன்னு நான் சொல்லுதேன். வாசுதேவநல்லூருக்குப் போகட்டும், சிவகிரிக்குப் போகட்டும். நானும் கூட வாரேன்." பிறகு படத்தின் ஓரத்தைக் காட்டினாள். "அந்தப் பேரை மட்டும் எடுத்திரச் சொல்லுங்க."

என்னிடம் சொல்லவில்லை. டீச்சரிடம் சொன்னாள். நான் கடையிலிருந்து தூரிகையும் சாயமும் எடுத்துவந்து, இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் பெயரை என் கையாலேயே மண் நிறத்தில் பூசி மறைத்தேன்.

"அம்மைன்னே இருக்கட்டும் டீச்சர், இந்த ஊர்ல," என்றாள் அவள் பிறகு. "செல்வி வளரணும். பிள்ளைய ஊர் பேசக்கூடாது." டீச்சர் நெடுநேரம் வாதாடினார். போலீஸ் என்றார், வக்கீல் என்றார், தனியாக இருக்க இடம் பார்க்கிறேன் என்றார். "பொறவு பாக்கலாம்" என்றே சொல்லிவந்தாள் ஆவுடை. அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் சில காலம் அப்படி நினைத்து மகிழ்ந்ததுண்டு... அவள் காப்பாற்றியது மகளை.

அதன் பிறகு அவளை நான் அடிக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்ன? பயம்! அவள் எங்கே, யாரிடம், என்ன சொல்வாளோ என்ற பயம்தான் என் கையைக் கட்டிவைத்தது.

செல்வி கடையநல்லூரிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஆவுடை டீச்சரோடு போகத் தொடங்கினாள். முதலில் வாசுதேவநல்லூர். அவள் போகும் நாட்களில் என்னால் கடையில் உட்கார முடியாது. பேருந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் என்னை முறைக்கிறார்களா? யாராவது காறித் துப்புகிறார்களா? ஒன்றும் நடக்காது. சாயங்காலம் அவள் வருவாள், பாத்திரம் கழுவுவாள், பக்கத்து வீட்டில் விட்டிருந்த செல்வியைக் கூட்டிவந்து தலை வாருவாள். அங்கே என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை வராது. எனக்கோ கேட்கத் தைரியம் இல்லை.

தாங்க முடியாமல், அவர்கள் சிவகிரிக்குப் போன அன்று அடுத்த பேருந்தில் நானும் போனேன்.

கடைத்தெருவை ஒட்டிய வெளியில் படங்களை மாட்டியிருந்தார்கள். வயல் வேலை முடித்துச் சேறு காய்ந்த கால்களோடு பெண்கள் நின்றார்கள். பின்னால் வேடிக்கை பார்க்கும் ஆண்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த ஆண்களுக்கு நடுவே நின்றேன். ஆவுடை என் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஊர், பெயர் எதுவும் சொல்லாமல், 'ஒரு அக்கா' என்றுதான் டீச்சர் அவளை அறிமுகப்படுத்தினார். அவளுக்கு இடப்பக்கமாக நான் நின்றேன், அவளால் பார்க்க முடியாத பக்கம். தெரிந்தேதான் அங்கே நின்றேன்.

ஒரு வயதான பெண் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீதானம்மா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. தலைத் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"யாரு தாயி அடிச்சது?"

"வீட்டுக்காரரு."

"அந்தப் பாவி இப்ப எங்கன இருக்கான்?"

ஆவுடை கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"வீட்டுலதான். அவுகளுக்குச் சோறு பொங்கி மூடி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். என் பக்கத்தில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் அவர்களோடு நகர்ந்தேன். முன்னால் போய், அந்தப் பாவி நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பத்து எட்டு நடந்தால் போதும். நடக்கவில்லை. எதிர்ப்பக்கமாகப் பேருந்தைப் பார்த்து நடந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பங்கரையில் சோறு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு கிண்ணத்தில் துவையல். அவற்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். எடுத்துக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் நான் அங்கே வந்தது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் நினைத்தேன். பிறகு பசித்தது.

போட்டுச் சாப்பிட்டேன்.

இருட்டும் நேரத்தில் அவள் வந்தாள். கால் கழுவிவிட்டு, பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"போதுமா இருந்துச்சா?"

"போதும்."

மீதியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சிவகிரியில் நானும் நின்றேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கையைக் கழுவ எழுந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.